விரலும் செவியும் படிக்கும் நூல்கள்

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுச் சொல்வது தமிழ் மரபு. வள்ளுவரும் ஔவையாரும் அவ்வாறே சொல்லிச் சென்றனர். அந்த உவமையை நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். ஏனெனில் பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்குக் கல்வி ஒன்றுதான் கண். ஆனால் நம் நூல்களும் பாடக் குறிப்புகளும் அமைந்துள்ள முறையைப் பார்த்தால், அந்தக் கண்ணைப் பெறுவதற்கே முதலில் முகத்தில் கண் வேண்டும் போலிருக்கிறது! இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது எப்படி என்பதைச் சக மாணவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் வரலாற்றுத் துறையில் மூன்றாமாண்டு பயில்பவன். "எப்படிப்பா படிக்கிறே?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர், "யாராவது படித்துக் காட்டுவார்கள், இவன் கேட்டு மனப்பாடம் செய்வான்" என்று விடையையும் தாமே எண்ணிக்கொள்கின்றனர். படித்துக் காட்டக் கேட்பது வேறு, படிப்பது வேறு. படிப்பவன் விரும்பிய இடத்தில் நிற்பான். புரியாத வரிக்குத் திரும்பிப் போவான். சலித்த பக்கத்தைத் தாண்டுவான். நள்ளிரவிலும் புத்தகத்தைத் திறப்பான். படித்துக் காட்டக் கேட்பவனோ, படிப்பவருடைய நேரத்துக்கும் தொண்டைக்கும் கட்டுப்பட்டவன். பிறர் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உதவி எந்த இடத்தில் அமைந்தால் நாங்கள் தாமாகவே படிக்க முடியும் என்பதுதான் கேள்வி.

ஆறு புள்ளிகளின் கதை

பார்வையற்றோர் விரலால் படிக்கும் எழுத்துக்குப் பிரெயில் என்று பெயர். அதனைக் கண்டவர் லூயி பிரெயில். 1809-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில், சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது கூரிய கருவி கண்ணில் குத்தியது. நாளடைவில் இரு கண்களும் போயின. சார்ல் பார்பியே என்ற படை அதிகாரி, இருளில் தடவிப் படிப்பதற்காகப் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறையை வகுத்திருந்தார். ஒரு விரல்நுனிக்குள் அடங்காத அந்த முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824-இல் புதிய எழுத்தை உருவாக்கியபோது பிரெயிலுக்கு வயது பதினைந்து. நம்மில் இளையவரைவிடவும் இளையவர்! 1829-இல் அம்முறை நூலாக வெளிவந்தது. எனினும், அவர் படித்து, ஆசிரியராகவும் இருந்த பள்ளியே அதனை முறைப்படி ஏற்றது 1854-இல்; அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு.

இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இந்த ஆறு புள்ளிகளில் சிலவற்றை மேடாக்கியும் சிலவற்றை விட்டும் அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழின் 247 எழுத்துகளுக்கு இவை எப்படிப் போதும் என்று தோன்றலாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. இந்த முப்பத்தொன்றுக்கும் வடிவம் இருந்தால் உயிர்மெய்யைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். 'க' என்பதற்கு 1, 3 ஆகிய புள்ளிகள். 'இ' என்பதற்கு 2, 4. ஆகவே 'கி' என்ற ஒரெழுத்து, பிரெயிலில் 'க' வடிவமும் 'இ' வடிவமும் அடுத்தடுத்து நிற்கும் ஈரெழுத்தாகும். மெய்யெழுத்தின் புள்ளியைக் குறிக்கவும் தனி வடிவம் உண்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1951-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட இம்முறைக்குப் பாரதி பிரெயில் என்று பெயர். தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் விரலில் ஒரே வடிவம்தான்.

கையால் எழுதுவதற்குச் சிலேட்டுச் சட்டமும் ஸ்டைலஸ் என்னும் குத்தூசியும் போதும். தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிவைத்து இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். எழுதும்போது ஒவ்வொரு வடிவமும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்மாறி நிற்கும். பள்ளியில் இதனைப் பழகிய என் விரல்களுக்கு இன்று அந்த வேறுபாடு தெரிவதேயில்லை.

தமிழகத்தில் பார்வையற்றோர் கல்வி நெடுங்காலம் உடையது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பள்ளி அதற்குச் சான்று. பூவிருந்தவல்லியில் பிரெயில் அச்சகமும் உண்டு. ஆனால் கல்லூரிப் பாடநூல்கள் பிரெயிலில் கிடைப்பது அரிது. காரணம் எளிது. தடித்த தாள், பெரிய எழுத்து. அச்சில் ஒரு பக்கம் பிரெயிலில் இரண்டு மூன்று பக்கங்களாக விரியும். இருநூறு பக்க நூல் ஒரு சுமையாகிவிடும். பாடத்திட்டமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஆகவே கல்லூரிக்கு வந்தபின் விரலோடு செவியையும் நாங்கள் நாட வேண்டியிருக்கிறது.

பேசும் நூல்

1877-ஆம் ஆண்டு எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். அதன் பயன்கள் எவையெவை என்று அவர் 1878-இல் எழுதிய பட்டியலிலேயே, பார்வையற்றோருக்குப் பேசும் நூல்கள் என்பதும் இடம்பெற்றிருந்தது. இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு என்று கருவிகள் மாறின. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கூடம்.

ஆயினும் நூலைப் பதிவு செய்வது வானொலி நாடகம் அன்று. அதற்குச் சில நெறிகள் உள்ளன. தொடக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லையேல் வகுப்பில், "நூற்றிருபதாம் பக்கம்" என்று ஆசிரியர் சொல்லும்போது நான் திசை தெரியாமல் நிற்பேன். மேற்கோள் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறிப்பிட வேண்டும். அயல்நாட்டுப் பெயர்களை ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். தேர்வில் எழுதுவது அவற்றைத்தான். ஒவ்வோர் அதிகாரத்தையும் தனிக் கோப்பாகப் பதிய வேண்டும். இடையில் சொந்தக் கருத்து வேண்டாம். "இது முக்கியமில்லை, விட்டுவிடுகிறேன்" என்று படிப்பவர் முடிவு செய்தல் கூடாது. எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை படிக்கும் மாணவனுக்கு உரியது.

திரையைப் படிக்கும் கருவி

இன்று எங்களுக்குப் பெருந்துணையாக இருப்பது திரைவாசிப்பான். கணினித் திரையிலோ கைப்பேசித் திரையிலோ உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது. தொடங்கிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் பார்வையற்ற இளைஞர்களே. விலையில்லாமல் கிடைக்கும் அம்மென்பொருள் தமிழும் பேசும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற வசதி உள்ளது. பழகியவர்கள் அதன் குரலை மிக விரைவாக ஓடவிட்டுக் கேட்பர். அருகில் இருப்பவருக்கு அது வண்டு முரல்வதுபோல் கேட்கும்.

இங்கேதான் இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். கருவி இருக்கிறது, விலையும் இல்லை, தமிழும் பேசுகிறது. பின் எங்கே தடை?

எழுத்தா? எழுத்தின் படமா?

திரைவாசிப்பான் எழுத்தைத்தான் படிக்கும். எழுத்தின் படத்தைப் படிக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கோ அவை மலையும் மடுவும்.

இரண்டாமாண்டில் ஒரு பாடத்துக்கான குறிப்புகள் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. நாற்பத்திரண்டு பக்கங்கள்; அத்தனையும் கையெழுத்தைப் பிடித்த புகைப்படங்கள். என் கைப்பேசி ஒவ்வொன்றையும் தொட்டு, "படம், படம், படம்" என்று சொல்லிக்கொண்டே போயிற்று. தேர்வுக்கு மூன்று நாளே இருந்தது. என் வகுப்புத் தோழர் ஒருவர் மூன்றிரவும் தொலைபேசியில் படித்துக் காட்டினார். நான் தேறினேன். ஆனால் அவருக்கும் அதே தேர்வு இருந்தது அல்லவா? என் தேர்வுக்காக அவர் கண்விழித்தார். அவருடைய தேர்வுக்கு யார் கண்விழிப்பது? ஒருவருடைய இரவை மற்றொருவருக்குக் கடனாக்கும் முறை நல்ல முறை ஆகாது.

புகைப்படத்தை எழுத்தாக மாற்ற எழுத்துணரி மென்பொருள்கள் உள்ளன. தெளிவான அச்சுப் பக்கத்தை அவை நன்றாகவே படிக்கின்றன. ஆனால் கையெழுத்திலும், மங்கிய நகலிலும், கோணலாக எடுத்த படத்திலும் தவறுகள் மிகும். காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்வதுண்டு. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் உள்ள பழைய ணா, றா, லை, னை வடிவங்களில் தடுமாறுவதுமுண்டு. வரலாற்று மாணவனுக்கு ஆண்டு எண் ஒன்று மாறினாலே போர் நூறாண்டு தள்ளிப்போய்விடும். ஆகவே கருவி மாற்றித் தந்ததை மூல நூலோடு ஒப்பிட்டு ஒருவர் திருத்த வேண்டும்.

சரி, தட்டச்சு செய்தே தந்துவிட்டால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகள். எனக்குக் கேட்பதும் அந்த ஆங்கில எழுத்துகளே. அம்மா என்ற சொல் அல்ல! யூனிக்கோடு முறையில் தமிழெழுத்துகளைக் குறிக்க உலகப் பொதுவான தனி எண்கள் உண்டு. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசும் 2010-இல் யூனிக்கோடை ஏற்றுக்கொண்டது. அம்முறையில் எழுதிய குறிப்பை எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கும். வேண்டுமானால் பிரெயிலாகவும் மாற்றிக்கொள்ளலாம். பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிக்கோடாக மாற்றும் மென்பொருள்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

இன்னொன்றும் சொல்வேன். தலைப்பைத் தடித்த எழுத்தில் போடுவது கண்ணுக்கு; கணினியில் அதனைத் 'தலைப்பு' என்று குறித்து வைப்பது எங்களுக்கு. அவ்வாறு குறித்தால் ஒரே விசையில் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். இல்லையெனில் ஐந்தாம் அலகை அடைய முதல் நான்கு அலகுகளையும் கேட்டாக வேண்டும்.

வரைபடத்தைச் சொல்லால் வரைதல்

"வரைபடத்தைப் பார்க்க" என்று நூல் சொல்லும்போது நான் என்ன செய்வேன்? படத்துக்கு ஒரு விளக்கம் எழுதினால் போதும். முதலாம் இராசேந்திரன் 1025-இல் கடல்கடந்து சென்ற படையெடுப்பின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 'சோழர் படையெடுப்பு வரைபடம்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இவ்வாறு எழுதலாம்: 'இடப்பக்கம் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரை. நடுவில் வங்காள விரிகுடா. அதில் மாநக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார்த் தீவுகள். வலப்பக்கம் மலாய் தீபகற்பம். அதன் மேற்குக் கரையில் கடாரம். தெற்கே சுமத்திரா தீவு. அதன் தென்கிழக்கில் ஸ்ரீவிஜயத்தின் தலைநகராகிய பாலெம்பாங்.' சில வரிகள்தாம். ஆனால் கடல் எந்தப் பக்கம், கடாரம் எந்தப் பக்கம் என்று என் மனத்தில் ஒரு படம் விரிந்துவிடும். இவ்வாறு எழுதிப் பார்த்த தோழர் ஒருவர், "கண்ணால் பார்த்தபோது கவனிக்காததை எழுதும்போதுதான் கவனித்தேன்" என்றார்.

எல்லைக்கோடுகளைத் தொட்டறிய வேண்டுமானால், அட்டையில் கோட்டின் மேல் நூலை ஒட்டியும், ஊர்களுக்குப் பாசிமணி வைத்தும் மேட்டு வரைபடம் செய்யலாம். அதற்குச் செலவு பத்து இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது.

மற்ற நண்பர்கள்

என் குறையையே சொல்லி முடித்துவிடுதல் நேர்மையன்று. ஓரளவு பார்வையுள்ள நண்பர்கள் உளர். அவர்களுக்கு 18 புள்ளி அளவில், மங்காத கறுப்பு மையில், எழுத்து மறுபக்கம் தெரியாத தாளில் அச்சிட்டுத் தந்தால் தாமே படிப்பர். செவித்திறன் குறைந்தோருக்கு ஒலிப்பதிவால் பயனில்லை; எழுத்தே துணை. ஆசிரியர் கரும்பலகையை நோக்கிப் பேசாமல் வகுப்பை நோக்கிப் பேசினால் உதட்டசைவைக் கண்டு பலவற்றை அறிவர். கை இயங்காதவருக்குத் தடித்த நூலைப் புரட்டுவதே போராட்டம். அவருக்கும் கோப்பு வடிவம் எளிது. எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் இடர்ப்படுவோருக்குக் கண்ணால் பார்த்துக்கொண்டே செவியால் கேட்பது கைகொடுக்கும். ஒழுங்காகத் தட்டச்சு செய்த ஒரு கோப்பு இத்தனை பேருக்கும் இத்தனை வடிவங்களில் பயன்படுகிறது. ஒரு விதையிலிருந்து இலையும் பூவும் காயும் வருவது போன்றது இது.

சட்டம் என்ன சொல்கிறது?

நூலை இப்படி மாற்றுவது பதிப்புரிமைக்கு மாறானதோ என்று சிலர் தயங்குகின்றனர். அச்சம் வேண்டாம். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகளின் சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்காக, இலாப நோக்கமின்றி, அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை ஆக்குவது பதிப்புரிமை மீறல் ஆகாது. இத்தகைய நூல்கள் நாட்டுக்கு நாடு செல்ல வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. அதனை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 2016-இல் சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. தேர்வில் சொல்வதை எழுதுபவரும், மணிக்கு இருபது நிமிடக் கூடுதல் நேரமும் எங்களுக்கு உண்டு. ஆனால் படிப்பதற்கு நூல் இல்லாதவனுக்குத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்து என்ன பயன்? இடம் தந்தவர்கள் ஏடும் தர வேண்டும், அதுவே முறை.

நாம் செய்யத்தக்கது

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இருநூறு பக்கப் பாடநூல் ஒன்று. வகுப்பில் இருபது பேர் முன்வந்தால் ஆளுக்குப் பத்துப் பக்கம். எழுத்துணரியில் மாற்றிப் பிழை திருத்தினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடந்த பருவத்தில் எங்கள் வகுப்பு நண்பர்கள் ஒரு பாடத்துக்கு இதனைச் செய்து பார்த்தார்கள். பாடம் தொடங்கிய இரண்டாம் வாரமே ஐந்து அலகுகளும் என் கைக்கு வந்துவிட்டன. அதிகாலை நான்கு மணிக்கு எவரையும் எழுப்பாமல் நான் தனியே படித்தேன். மூன்றாம் அலகில் ஐயம் என்று வந்த தோழர் ஒருவருக்கு நானே விளக்கிச் சொன்னேன். முன்பு எனக்காக மூன்றிரவு கண்விழித்த அதே தோழர்தான் அவர். கல்லூரிக்கு வந்தபின் நான் பெற்ற மதிப்பெண்கள் எவற்றிலும் அந்த மாலைப் பொழுதின் மகிழ்ச்சி கிடைத்ததில்லை.

இதனை ஒரு வகுப்பின் நல்லெண்ணத்தோடு நிறுத்திவிடாமல் கல்லூரியின் வழக்கமாக்கலாம். பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு துறையும் பாடநூல் பட்டியலைத் தரட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளட்டும். பேராசிரியர்கள் தங்கள் குறிப்புகளைப் படமாக அன்றி யூனிக்கோடு எழுத்தாக அனுப்பட்டும். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். முடிந்த கோப்புகளை நூலகத்தில் சேர்த்து வைத்தால், அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர் மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எல்லாவற்றினும் மேலாக, மற்றவர் கைக்கு நூல் வரும் நாளிலேயே எங்கள் கைக்கும் வர வேண்டும். தேர்வு முடிந்தபின் வரும் நூல், திருமணம் முடிந்தபின் வரும் அழைப்பிதழ்.

அன்பு நண்பர்களே! நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. எங்களுக்காகப் பாடத்தைக் குறைக்கவும் வேண்டாம். நீங்கள் படிக்கும் அதே நூலை, அதே பக்கங்களை, அதே நாளில், படமாக அல்லாமல் எழுத்தாகத் தாருங்கள். மீதியை எங்கள் விரலும் செவியும் பார்த்துக்கொள்ளும்.